பூட்டிய அறையில் ஈயக் குண்டுகள்: ஈர்ப்பின் வலிமையை எது தீர்மானிக்கிறது?

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. கால் உடைந்த ஸ்டூல்கள், முள் அசையாத கால்வனாமீட்டர்கள், பழைய விடைத்தாள் கட்டுகள் எல்லாம் அங்கேதான். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் திறக்க வராது. பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று சோதிக்க, காற்று வராத இடம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். கூரைக் கொக்கியில் தூண்டில் நரம்பைக் கட்டி, அறுபது சென்டிமீட்டர் மூங்கில் குச்சி ஒன்றைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டோம். குச்சியின் இரண்டு முனையிலும் இருநூறு கிராம் ஈயம். அது ஆடி அடங்குவதற்கே ஒரு முழுப் பிற்பகல் ஆனது.

அடங்கியபின் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். குச்சி அவன் பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. ஒரு சாண் தூரம் வந்துவிட்டது.

"சார், என்னை இழுக்குது சார்!"

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அவன் எடை அறுபது கிலோ, குண்டு இருநூறு கிராம், இடைவெளி அரை மீட்டர். விடை சுமார் 3 × 10⁻⁹ நியூட்டன் என்று வந்தது. ஒரு கொசுவின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த விசை குச்சியைத் திருப்பினாலும் அது கண்ணுக்குத் தெரியப்போவதில்லை, ஒரு சாண் என்பது நடக்காத காரியம். குச்சியை இழுத்தது அவனுடைய நிறை இல்லை. வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ'வைத் தேடிப் போகும்போது, இதே சிக்கலில் இருநூறு வருடங்களுக்கு முன்பே மாட்டிக்கொண்ட ஒருவரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ். 1797 ஆகஸ்டு முதல் 1798 மே வரை லண்டனுக்குத் தெற்கே கிளாப்ஹாமில் தன் வீட்டில் அவர் செய்த சோதனையைப் பாடப்புத்தகங்கள் நாலு வரியில் முடித்துவிடுகின்றன. இரண்டு பொருள்களுக்கு இடையிலான ஈர்ப்பை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சோதனையைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது. அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

விதி சொல்வது என்ன

நியூட்டன் 1687-இல் சொன்னது சுருக்கமானது. இரண்டு பொருள்களின் நிறைகளைப் பெருக்கு. மையத்துக்கு மையம் உள்ள தொலைவின் இருமடியால் வகு. வருவதை ஒரு மாறிலியால் பெருக்கு. விசை கிடைத்துவிடும். ஒரு பொருளின் நிறையை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். தொலைவை இரட்டித்தால் விசை கால்வாசியாகும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் தொலைவுதான். நாம் பூமியின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதால் பூமிக்கும் நமக்கும் தொலைவு பூஜ்யம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கணக்கில் வருவது மையம் வரையான 6,371 கிலோமீட்டர். அதனால்தான் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. தரையில் இருப்பதில் 88 சதவீதத்துக்கும் மேல் அங்கே இருக்கிறது. அங்கிருப்பவர்கள் மிதப்பதற்குக் காரணம் அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பது. சனிக் கோளையும் எடுத்துக்கொள்ளலாம். அதன் நிறை பூமியைப்போல 95 மடங்கு. ஆனால் ஆரம் ஒன்பது மடங்குக்கும் மேல். மேலே 95, கீழே ஒன்பதின் இருமடி. ஆகவே அதன் மேக உச்சியில் தராசு வைத்து நிற்க முடிந்தால் நம் எடை இங்கே காட்டுவதிலிருந்து பெரிதாக மாறாது. பெரிய பொருள் என்றால் பெரிய இழுப்பு என்ற நினைப்பு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

நியூட்டனின் விதி கோள்களின் ஓட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கோள்களை வைத்து மாறிலியைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. நிலாவின் ஓட்டத்திலிருந்து 'மாறிலி பெருக்கல் பூமியின் நிறை' என்ற ஒட்டுமொத்த எண் மட்டுமே கிடைக்கும். இரண்டில் ஒன்று தெரிந்தால்தான் மற்றது. பூமியைத் தராசில் வைக்க வழியில்லை. அப்படியானால் நிறை தெரிந்த இரண்டு பொருள்களை எடுத்து, அவை ஒன்றையொன்று இழுப்பதை நேரடியாக அளக்க வேண்டும்.

முதலில் மலையை வைத்து முயன்றார்கள். 1774-இல் அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலின் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் மலையின் வடபுறமும் தென்புறமும் தூக்குக் குண்டு கட்டிப் பார்த்தார். கொத்தனார் சுவர் பிடிக்கும் அதே தூக்குக் குண்டுதான். மலை இழுத்ததில் அது செங்குத்திலிருந்து விலகியது. இரண்டு பக்க விலகலும் சேர்த்து சுமார் 11.6 விகலை, அதாவது ஒரு பாகையின் முந்நூறில் ஒரு பங்கு. மலையின் நிறையைக் கணக்கிட வேண்டிய வேலை கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன் தலையில் விழுந்தது. சம உயரம் உள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பார்த்தால் மலையின் வடிவம் பிடிபடுகிறது என்று அவர் கண்டது அந்த வேலையின்போதுதான். இன்றைய நிலவரைபடங்களின் சமஉயரக் கோடுகளுக்குப் பின்னால் இந்த ஈர்ப்புக் கணக்கும் இருக்கிறது. பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல 4.5 மடங்கு என்று ஹட்டன் முடித்தார். குறைச்சல்தான். மலைக்குள் என்ன பாறை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

கருவி

மலைக்குப் பதிலாக ஈயக் குண்டு என்ற யோசனை கேவண்டிஷுடையது இல்லை. அது ஜான் மிச்செல் என்ற பாதிரியாருடையது. யார்க்ஷயர் கிராமம் ஒன்றில் தேவாலயத்தைக் கவனித்துக்கொண்டே இயற்பியல் செய்தவர். ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்குக் கனத்த விண்மீன்கள் இருக்கலாம் என்று 1783-இலேயே எழுதியவர். கருவியைச் செய்துமுடித்தார், சோதனை செய்வதற்குள் 1793-இல் இறந்துபோனார். கருவி கைமாறி கேவண்டிஷிடம் வந்தது. அவர் பெரும்பகுதியைப் புதிதாகவே செய்துகொண்டார்.

ஆறடி நீள மரத்தண்டு. அதன் இரு முனையிலும் இரண்டு அங்குல ஈய உருண்டை, ஒவ்வொன்றும் 730 கிராம். தண்டின் நடுவே மெல்லிய, வெள்ளி பூசிய செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளம். இதைச் சுற்றி மஹோகனிப் பெட்டி. பெட்டிக்கு வெளியே ஒரு அடி விட்டமுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் 158 கிலோ. பெரிய குண்டைச் சிறிய உருண்டைக்கு ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் தண்டு அந்தப் பக்கம் திரும்பும். மறுபக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈர்ப்பு.

கம்பி எவ்வளவு விறைப்பு என்று தெரிய வேண்டுமே? பி.எஸ்சி. படித்தவர்களுக்கு முறுக்கு ஊசல் நினைவிருக்கும். வட்டத் தகட்டைத் தொங்கவிட்டு, ஸ்டாப் கிளாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது அலைவுக்கு நேரம் எண்ணி, கம்பியின் விறைப்புக் குணகம் கண்டுபிடிப்போமே, அதே வேலைதான். தண்டைத் தானாக ஆடவிட்டு நேரம் எடுத்தால் கம்பியின் முறுக்கு விறைப்பு வந்துவிடும். கம்பி என்ன உலோகம், எவ்வளவு தடிமன் என்ற தகவல் தேவையே இல்லை. மெதுவாக ஆடினால் மெலிந்த கம்பி, சிறு விசைக்கும் நிறையத் திரும்பும்.

முதல் கம்பியில் தண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே பதினைந்து நிமிடம் ஆனது. பெரிய குண்டுகளை நகர்த்தியதும் தண்டு பதினெட்டு மில்லிமீட்டர்வரை திரும்பியது. ரொம்ப நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஆட்டத்தில் உருண்டைகள் பெட்டியின் பக்கச் சுவரில் போய் முட்டின. அதனால் கொஞ்சம் விறைப்பான கம்பிக்கு மாறினார். ஒருவழி ஆட்டம் ஏழு நிமிடம், விலகல் நாலு மில்லிமீட்டர் சுமார். உணர்திறனை அவராகவே விட்டுக்கொடுத்தார். நாங்கள் தூண்டில் நரம்பை இன்னும் மெலிதாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இதைப் படித்தேன், யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஐந்து கோடியில் ஒரு பங்கு

பெரிய குண்டு சிறிய உருண்டையை இழுக்கும் விசை, அந்த உருண்டையின் சொந்த எடையில் ஐந்து கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று கேவண்டிஷே எழுதுகிறார். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தொந்தரவு ஒன்று போதும், சோதனை மண்ணாகிவிடும் என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார். அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த ஒரு கவலையில்தான் ஓடுகிறது. ஈர்ப்பைத் தீர்மானிப்பவை நிறையும் தொலைவும் மட்டுமே என்று விதி சொல்கிறது. நடைமுறையில் தண்டைத் திருப்பக்கூடியவையோ ஒரு டஜன். அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் மிஞ்சியதைத்தான் ஈர்ப்பு என்று அவர் ஏற்றார்.

முதல் கழித்தல் அவரையேதான். கருவி இருந்த அறையை நிரந்தரமாகப் பூட்டிவிட்டார். சுவரில் துளையிட்டுத் தொலைநோக்கி பொருத்தி வெளியிலிருந்து பார்த்தார். தண்டின் முனைகளுக்கருகே தந்தத்தில் செய்த அளவுகோல், அங்குலத்தின் இருபதில் ஒரு பங்காகக் கோடுகள், கோடுகளுக்கு நடுவேயும் அளக்க அதற்கு வெர்னியர் என்ற துணை அளவுகோல். விளக்கும் வெளியே இருந்துதான் வெளிச்சம் போடும். பெரிய குண்டுகளைக் கயிறும் கப்பியும் வைத்து வெளியில் நின்றே நகர்த்தினார்.

எங்கள் மாணவன் பக்கத்தில் போய் நின்றதன் முழு அர்த்தம் இங்கேதான் எனக்கு உறைத்தது. மனித உடல் முப்பத்தேழு டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு அடுப்பு. அறுபது கிலோ நிறைக்குப் பயந்து கேவண்டிஷ் வெளியே நிற்கவில்லை. தன் உடல் சூட்டுக்குப் பயந்து நின்றார்.

அப்படியும் ஒரு விநோதம் தலைகாட்டியது. பெரிய குண்டுகளை நகர்த்தியபின் தண்டு புது இடத்துக்குப் போய் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. அதற்குப் பிறகும் அதே திசையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நிறை மாறவில்லை, தொலைவு மாறவில்லை, ஆனால் விசை கூடுவதுபோல் தெரிகிறது. விதி உண்மையென்றால் இது நடக்கக்கூடாது.

சந்தேகம் ஒன்று: காந்தம். பெரிய குண்டுகள் இரும்புத் தண்டுகளில் தொங்கின. அவற்றைக் கழற்றிச் செம்பில் மாற்றினார். ஊர்தல் நிற்கவில்லை. குண்டுகளே மெல்லக் காந்தம் ஏறுகின்றனவோ என்று அவற்றை நின்ற இடத்திலேயே அரைவட்டம் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு குண்டுகளையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிஜக் காந்தங்களை வைத்தார். தண்டு அசையவில்லை. காந்தம் கழிந்தது.

சந்தேகம் இரண்டு: கம்பி. முறுக்கி வைத்த கம்பி முழுதாகப் பழைய நிலைக்கு வராமல் சோம்பல்படுகிறதோ? குண்டுகள் இல்லாமல் கம்பியை வேண்டுமென்றே முறுக்கிவைத்துச் சோதித்தார். ஊர்தலை விளக்க அது போதவில்லை.

சந்தேகம் மூன்று: சூடு. இதை அவர் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் என்று நினைத்ததைக் குறைத்துப் பார்க்காமல் கூட்டிப் பார்த்தார். பெரிய குண்டுகளுக்கு அடியில் விளக்கு வைத்துச் சூடேற்றினார். விலகல் எகிறியது. பிறகு ஐஸ் கொண்டு குளிரவைத்தார். எதிர்ப்பக்கம் போனது. பிடிபட்டுவிட்டது.

அவர் தந்த விளக்கம் இது. சாயங்காலம் வெளிக்காற்று குளிரும்போது அறையும் பெட்டியும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். 158 கிலோ ஈயம் அவ்வளவு சீக்கிரம் சூட்டை விடாது. குண்டு பெட்டியைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும். குண்டுக்கு அருகிலுள்ள பெட்டிச் சுவர் சூடாகும், உள்ளே அந்தப் பக்கத்துக் காற்று மேலே எழும், எதிர்ப்பக்கத்துக் காற்று கீழே இறங்கும். அந்தச் சுழற்சி உருண்டையைச் சூடான பக்கமாகத் தள்ளும். பார்ப்பவருக்கு அது இழுப்பு மாதிரியே தெரியும். குண்டின் பக்கமாகத்தான் தள்ளுகிறது என்பதால் ஈர்ப்போடு கலந்து, ஆளை ஏமாற்றிவிடும்.

ஸ்டோர் ரூமில் நடந்ததும் இதேதான், ஆள் மட்டும் வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் விடவில்லை. பெரிய குண்டு தனக்குப் பக்கத்து உருண்டையை மட்டுமா இழுக்கிறது? ஆறடி தள்ளியிருக்கும் மற்ற உருண்டையையும் எதிர்த்திசையில் இழுக்கிறதே, அதையும் கழித்தார். மரத்தண்டின் மேலுள்ள இழுப்பையும் கணக்கில் சேர்த்தார். மஹோகனிப் பெட்டியே உருண்டைகளை இழுக்குமே என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டு, பொருட்படுத்த வேண்டியதில்லை என்று முடித்தார். பெட்டிக்குக்கூட ஈர்ப்புக் கணக்குப் போட்ட மனிதரை எப்படிக் குறை சொல்வது?

குறை ஒன்று இருந்தது. பதினேழு சோதனைகளில் கிடைத்த 29 விடைகளுக்குச் சராசரி எடுத்து, பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல 5.48 மடங்கு என்று அறிவித்தார். அட்டவணையில் 4.88 என்றிருக்கும் ஒரு விடை, கூட்டலில் 5.88 ஆகிவிட்டிருக்கிறது. சரியாகக் கூட்டினால் 5.448. காந்தத்தையும் காற்றையும் பிடித்தவர் கூட்டலில் கோட்டைவிட்டார். பரீட்சையில் கூட்டல் தப்பு செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். மார்க் போடமாட்டேன், ஆறுதலுக்குத்தான். இன்றைய மதிப்பு 5.51. தப்பான கூட்டலே உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது என்பது தனி வேடிக்கை.

அடர்த்தியிலிருந்து மாறிலிக்கு

'கேவண்டிஷ் ஈர்ப்பு மாறிலியைக் கண்டுபிடித்தார்' என்றுதான் நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர் கட்டுரையில் அந்த மாறிலியே கிடையாது. தலைப்பே பூமியின் அடர்த்தியைத் தீர்மானிக்கும் சோதனைகள் என்றுதான். அவர் ஒரே உருண்டையின் மேலுள்ள இரண்டு இழுப்புகளை ஒப்பிட்டார். பக்கவாட்டில் ஈயக் குண்டு இழுப்பது ஒன்று, கீழே பூமி இழுப்பது மற்றொன்று. விகிதம் எடுக்கும்போது மாறிலி இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும்.

நாமே போட்டுப் பார்க்கலாம். பூமியின் இழுப்பு ஈயக் குண்டினுடையதைப்போல சுமார் 4.7 கோடி மடங்கு. ஆனால் பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, குண்டின் மையமோ 22.5 சென்டிமீட்டர் தூரத்தில். தொலைவுகளின் விகிதம் 2.8 கோடி. அதன் இருமடி 8 × 10¹⁴. இதை 4.7 கோடியால் பெருக்கி, 158 கிலோவால் பெருக்கினால் 6 × 10²⁴ கிலோ. பூமியின் நிறை கையில் வந்துவிட்டது. ஒரு மீட்டர் கம்பி, நாலு ஈயக் குண்டு, பூட்டிய அறை, அவ்வளவுதான் செலவு.

மாறிலியைத் தனி எண்ணாக எழுதும் வழக்கம் 1873-இல் பிரான்சில் கோர்னு, பாய் இருவரின் சோதனையோடுதான் வருகிறது. கேவண்டிஷின் அளவுகளிலிருந்து அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 6.74 × 10⁻¹¹ கிடைக்கிறது. இன்று ஏற்கப்பட்டது 6.6743 × 10⁻¹¹. ஒரு சதவீதப் பிழை.

இந்தச் சின்ன எண்தான் அன்றாட வாழ்க்கையை நடத்துகிறது. அறுபது கிலோ ஆட்கள் இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்தால் அவர்களுக்கு இடையிலான ஈர்ப்பு, தூள் உப்பின் ஒரு பரலுடைய எடையைவிடக் குறைவு. டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்ளாததற்கு அதுவே காரணம்.

எந்தப் பொருள் என்பது கணக்கில் வருமா?

ஈயத்துக்குப் பதில் வேறு உலோகம் என்றால் இழுப்பு மாறுமா என்ற கேள்வியைக் கேவண்டிஷ் தொடவில்லை. பங்குத் தரகராக இருந்து வானியலுக்கு வந்த ஃபிரான்சிஸ் பெய்லி தொட்டார். கேவண்டிஷின் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1838-லிருந்து 1842 வரை லண்டனில் தன் வீட்டில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தடவை இதே சோதனையைச் செய்தார். தொங்கும் உருண்டைகளை ஈயம், பிளாட்டினம், துத்தநாகம், கண்ணாடி, தந்தம், பித்தளை என்று மாற்றிமாற்றிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த அடர்த்தி 5.67. எண்ணிக்கையில் நூறு மடங்கு உழைப்பு, விடையில் கேவண்டிஷைவிட அதிகப் பிழை. ஒரே தொந்தரவு ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால், சராசரி எடுத்து அதை அழிக்க முடியாது.

பொருளின் வகை கணக்கில் வராது என்பது இன்று வேறு அளவில் உறுதியாகியிருக்கிறது. பிரான்சின் 'மைக்ரோஸ்கோப்' என்ற செயற்கைக்கோள் பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் சுற்றுப்பாதையில் சேர்ந்து விழவிட்டு ஒப்பிட்டது. 2022-இல் வந்த இறுதி முடிவின்படி, 10¹⁵-இல் சில பங்கு நுட்பம்வரை வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை. தொலைவின் இருமடி என்ற பகுதியையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2020-இல் 52 மைக்ரோமீட்டர் இடைவெளிவரை போய்ப் பார்த்தது. தலைமுடியின் தடிமன் அளவு. விதி அங்கேயும் அப்படியே நின்றது. அவர்கள் கருவியும் கேவண்டிஷுடையதைப்போல முறுக்குத் தராசு வகைதான்.

கருவியைப் பெரிதாக்கினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கையை உடைத்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் சி. வி. பாய்ஸ். 1895-இல் அவர் வெளியிட்ட சோதனையில் தண்டின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். செம்புக் கம்பிக்குப் பதில் உருக்கி இழுத்த குவார்ட்ஸ் இழை, ஈயத்துக்குப் பதில் தங்க உருண்டைகள். பெட்டி சின்னதானால் உள்ளே வெப்ப வித்தியாசமும் காற்றுச் சுழற்சியும் சேர்ந்தே அடங்கும் என்பது அவர் வாதம். அடர்த்தி 5.527 என்று வந்தது. அந்த வழியில் வெகுதூரம் போனது 2021-இல் வியன்னா குழு வெளியிட்ட சோதனை. அதில் இழுத்ததும் இழுக்கப்பட்டதும் இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க மணிகள், ஒவ்வொன்றும் 90 மில்லிகிராம் சுமார். நம் ஊர்ப் பொற்கொல்லரிடம் மூக்குத்திக்குக்கூடப் போதாத தங்கம். நகரின் நடமாட்டம் அடங்கிய இரவுகளில் அளந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மாறிலியின் மதிப்பில் இன்னும் சச்சரவு இருக்கிறது. 2018-இல் சீனாவின் வூகான் குழு ஒன்று, ஒரே கட்டுரையில் இரண்டு முறைகளால் அளந்த மதிப்புகளை வெளியிட்டது. 6.674184 × 10⁻¹¹, 6.674484 × 10⁻¹¹. இரண்டுக்கும் தனித்தனியே பிழை பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்குக்குள் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலான வித்தியாசமோ பத்து லட்சத்தில் 45. ஏதோ ஒன்று இன்னும் கழிபடாமல் ஒளிந்திருக்கிறது. மற்ற மாறிலிகள் பல எட்டு, பத்து இலக்கம்வரை தெரியும்போது இது நாலைந்து இலக்கத்தில் நின்றுபோவதன் காரணமும் அதுதான். ஈர்ப்பு பலவீனமானது, போதாததற்கு அதை எந்தத் திரை போட்டும் மறைக்க முடியாது. மின்சாரத் தொந்தரவென்றால் உலோகக் கூண்டு போதும். ஈர்ப்புக்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. பக்கத்துச் சுவரும், மாடியில் நடப்பவரும், தெருவில் போகும் லாரியும் கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.

மறுபடியும் ஸ்டோர் ரூம்

இரண்டாம் சுற்றில் நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் கிளாப்ஹாமிலிருந்து எடுத்தவை. குச்சிக்கும் ஈயத்துக்கும் ஒரு அட்டைப் பெட்டி, முகப்பில் கண்ணாடி. குச்சியின் நடுவே சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டி, லேசர் பாயிண்டரை அதில் அடித்து, நாலு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளியை விழவைத்தோம். யாரும் உள்ளே போகக்கூடாது. கதவில் ஓட்டை போட முதல்வர் அனுமதிக்கவில்லை, அதனால் பழைய மொபைல் ஒன்றை உள்ளே வைத்து வீடியோவில் பார்த்தோம்.

பெரிய நிறைக்குத்தான் திண்டாடினோம். ஈயம் வாங்கக் காசில்லை. மளிகைக்கடை எடைக்கல் இரும்பு, காந்தச் சந்தேகம் வரும். ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் மூலையைக் காட்டினார். "இருபது லிட்டர் வாட்டர் கேன் இருக்கே சார், அது இருபது கிலோதானே?" தண்ணீர் என்றால் என்ன, ஈயம் என்றால் என்ன, நிறை நிறைதான். விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை. கேன் உருண்டையாக இல்லை என்பதால் மைய தொலைவில் கொஞ்சம் பிழை வரும், வரட்டும் என்று விட்டோம்.

முதல் இரவு புள்ளி கன்னாபின்னாவென்று ஓடியது. கேனைத் துணியால் துடைத்ததில் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறியிருந்தது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை வாங்கிவந்து கேனைச் சுற்றி, ஒயர் போட்டு எர்த்தில் இணைத்தோம். இரண்டாம் இரவு ஊர்தல். கேன் அன்று மாலைதான் வண்டியிலிருந்து இறங்கியது, அறையைவிடச் சில்லென்று இருந்தது. அப்படியே ஒரு நாள் முழுக்க உள்ளேயே விட்டுவைத்தோம்.

மூன்றாம் இரவு இரண்டு கேன்களையும் கயிற்றால் இழுத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினோம். மைய தொலைவு இருபது சென்டிமீட்டர், குச்சியின் முழு அலைவுக்கு ஆறு நிமிடம். கணக்குப்படி புள்ளி ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர வேண்டும். விடியும்வரை மாற்றிமாற்றி வைத்ததில் சராசரியாக எட்டு மில்லிமீட்டர் வந்தது. மாறிலி ஏறக்குறைய 1.4 மடங்கு. அந்த மிச்ச இரண்டு மில்லிமீட்டரில் எவ்வளவு காற்று, எவ்வளவு நரம்பின் சோம்பல் என்று பிரிக்க எங்களால் முடியவில்லை. ஆனால் கேன் எந்தப் பக்கமோ புள்ளியும் அந்தப் பக்கமே போனது, ஒரு தடவைகூட மாறவில்லை.

காலையில் தண்ணீர்க்காரர் காலிக் கேன் எடுக்க வந்தார். அலுமினியத் தாள் சுற்றி, ஒயர் மாட்டிய இரண்டு கேன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி அப்படியே இருக்கே சார். மூணு நாளா யாருமே குடிக்கலையா?"